சேமிப்பு எங்கே முடிகிறது, பதுக்கல் எங்கே தொடங்குகிறது? செல்வம் பற்றிய கிறிஸ்தவப் பார்வை: ஓர் எளிய விளக்கம்

செல்வத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று கேட்டால் இரண்டு பதில்கள் சட்டென்று வந்து விழும். பணம் பாவம், பணக்காரனுக்கு மோட்சம் இல்லை என்பது ஒன்று. விசுவாசித்தால் கடவுள் செல்வத்தைக் கொட்டுவார், வறுமை என்பது விசுவாசக் குறைவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வசனம் காட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு பதில்களும் கையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே பார்க்கின்றன. பைபிளோ பெரும்பாலும் வேறொன்றைக் கேட்கிறது: இந்தப் பணம் இவன் வாழ்க்கையில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது?

அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டால் சேமிக்கலாமா கூடாதா, காப்பீடு எடுப்பது அவிசுவாசமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் போன்ற பல சச்சரவுகள் தாமாகவே தெளிந்துவிடும்.

முதலில் சில தப்பெண்ணங்கள்

"பணமே எல்லாத் தீமைக்கும் வேர்" என்று பைபிளில் எங்கும் இல்லை. "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்றுதான் இருக்கிறது (1 தீமோத்தேயு 6:10). அதே அதிகாரத்தில் ஏழு வசனம் தள்ளிப் போனால், பவுல் பணக்காரர்களுக்கென்றே ஒரு கட்டளை எழுதுகிறார். உங்கள் சொத்தையெல்லாம் தொலைத்துவிடுங்கள் என்று அதில் சொல்லவில்லை. இறுமாப்பு கொள்ளாதீர்கள், "நிலையற்ற ஐசுவரியத்தின்மேல்" நம்பிக்கை வைக்காதீர்கள், தாராளமாகக் கொடுங்கள் என்கிறார். நாம் அனுபவிக்கத்தான் கடவுள் எல்லாவற்றையும் தருகிறார் என்றும் அதே மூச்சில் சொல்கிறார்.

அடுத்தது ஊசியின் காது. பணக்காரன் கடவுளின் ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னார். எருசலேமில் "ஊசிக் காது" என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு அதில் நுழையும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. பிற்காலத்தில் கிளம்பிய விளக்கம் அது. இயேசு சொன்னது நடக்கவே முடியாத ஒன்றைத்தான். கேட்டவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டு, பிறகு யார்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்று கேட்டார்கள். மனிதரால் முடியாதது கடவுளால் முடியும் என்பது பதில். லூக்கா இதை 18ஆம் அதிகாரத்தில் வைத்துவிட்டு, 19ஆம் அதிகாரத்தை சகேயு என்ற பணக்காரனோடு தொடங்குகிறார். சகேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறான். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறான். ஒட்டகம் நுழைந்துவிட்டது.

செழிப்பு உபதேசம் என்பது, விசுவாசத்துக்கும் காணிக்கைக்கும் பதிலாகக் கடவுள் பணமும் உடல்நலமும் கொடுத்தே தீருவார் என்று கற்பிப்பது. "நூறத்தனை" என்ற வாக்குறுதியை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மாற்கு 10:30இல் அந்த வாக்குறுதி "துன்பங்களோடேகூட" வருகிறது. அந்தச் சொல்லை மேடையில் வாசிப்பவர்கள் குறைவு.

ஏரி, கரை, மதகு

தண்ணீரைத் தேக்குவதால் ஏரியை யாரும் குறை சொல்வதில்லை. தேக்கத்தான் ஏரி. மழைக்காலத்தில் வந்ததைக் கோடையில் வயலுக்குத் தர வேண்டும். இதற்காக மதகு இருக்கிறது, எவ்வளவு நிலத்துக்குப் பாய வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, அளவுக்கு மேல் வந்தால் வழிந்தோடக் கலிங்கு இருக்கிறது.

இப்போது ஒருவர் மதகை அடைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஏற ஏறக் கரையை உயர்த்துகிறார். கலிங்கையும் பூசிவிடுகிறார். கீழே பயிர் காய்கிறது. கேட்டால், "அடுத்த ஆண்டு மழை பொய்த்தால்?" என்கிறார். அடுத்த ஆண்டு மழை வந்தாலும் அதே பதில்தான்.

சேமிப்பு என்பது நோக்கமும் அளவும் உள்ள தேக்கம். பதுக்கல் என்பது நோக்கம் கரைந்துபோய், அளவு நகர்ந்துகொண்டே இருந்து, வெளியே போகும் வழி அடைபட்ட தேக்கம். இந்தக் கட்டுரையில் பதுக்கல் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். கள்ளச்சந்தைப் பதுக்கல் அதன் ஒரு வகை மட்டுமே.

மன்னாவும் யோசேப்பின் களஞ்சியமும்

இந்த வேறுபாட்டைப் பைபிள் மிகத் தொடக்கத்திலேயே காட்டுகிறது. யாத்திராகமம் 16இல், பாலைவனத்தில் இருக்கும் இஸ்ரவேலருக்கு ஒவ்வொரு காலையும் மன்னா என்ற உணவு கடவுளிடமிருந்து கிடைக்கிறது. தலைக்கு ஓர் ஓமர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர். மறுநாளைக்கு வைக்காதே என்பது கட்டளை. சிலர் வைத்தார்கள், புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர் சேர்க்கச் சொல்லப்படுகிறது, ஏழாம் நாள் ஓய்வுக்காக. அது புழுக்கவில்லை.

அதே மன்னா, அதே பாத்திரம், அதே ஓர் இரவு. ஒன்று நாளை கிடைக்குமோ என்ற சந்தேகத்தில் வைத்தது. மற்றது சொல்லப்பட்ட காரணத்துக்காகச் சொல்லப்பட்ட அளவில் வைத்தது.

ஆதியாகமம் 41இல், எகிப்தின் அரசனான பார்வோனின் அதிகாரி யோசேப்பு இன்னும் பெரிய அளவில் சேர்க்கிறான். ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு நகரங்களின் களஞ்சியங்களுக்குப் போகிறது. பஞ்சத்தில் களஞ்சியங்கள் திறக்கப்படுகின்றன. (திறந்த விதம் தனி விவாதத்துக்குரியது. 47ஆம் அதிகாரத்துக்குள் மக்களின் ஆடுமாடும் நிலமும் பார்வோன் கைக்குப் போய்விடுகின்றன.) நீதிமொழிகள் கோடையில் சேர்க்கும் எறும்பைப் பாராட்டுகிறது. அதே நூல், "தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள்" என்றும் சொல்கிறது (11:26). இரண்டுக்கும் முரண் இல்லை.

இதுவரை பார்த்தது: சேர்ப்பது குற்றம் இல்லை. எதற்கு, எவ்வளவு, எப்போது திறக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்பதே கேள்வி.

களஞ்சியத்தை இடித்தவன் செய்த தவறு என்ன?

லூக்கா 12இல் வரும் மதிகெட்ட பணக்காரனின் உவமையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவன்மேல் என்ன குற்றச்சாட்டு என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். அவன் திருடவில்லை. கூலியை அமுக்கியதாகக் கதையில் இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். இடம் போதவில்லை, இருந்த களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். இன்றைக்கு இதை நல்ல நிதித் திட்டமிடல் என்போம்.

கதையைக் கவனித்து வாசித்தால் மூன்று விஷயங்கள் தெரியும். முதலாவது, அவன் பேசுவதெல்லாம் தனக்குள்ளேயே. மனைவி, வேலைக்காரன், அயலான், கடவுள் என ஒருவரும் அந்த யோசனைக்குள் வரவில்லை. இரண்டாவது, மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: இன்னும் பெரிய இடம். மூன்றாவதுதான் முக்கியம். "ஆத்துமாவே, உனக்காக அநேக வருஷங்களுக்கு அநேகம் பொருள்கள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது, நீ இளைப்பாறி..." என்கிறான். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் தரும் வேலையைத் தானியத்திடம் ஒப்படைக்கிறான். அன்றிரவே அவன் சாகிறான். தானியம் தன் வேலையில் குறை வைக்கவில்லை. அது அதனால் முடியாத வேலை.

கொலோசெயர் 3:5 பொருளாசையை விக்கிரகாராதனை என்று அழைப்பது இதனால்தான். விக்கிரகாராதனை என்றால், கடவுளிடம் மட்டும் எதிர்பார்க்க வேண்டிய பாதுகாப்பையும் மதிப்பையும் படைக்கப்பட்ட ஒரு பொருளிடம் எதிர்பார்ப்பது. சிலை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

உந்துவது ஆசையா, பயமா?

பதுக்குகிறவன் என்றால் பேராசைக்காரன், கையைத் தேய்த்துக்கொண்டு நாணயத்தை எண்ணுகிறவன் என்ற சித்திரம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தச் சித்திரத்தால் ஒரு கெடுதல் உண்டு. நாம் அப்படி இல்லை என்று எல்லோரும் நிம்மதியாகப் போய்விடலாம்.

எவாக்ரியுஸ் என்பவர் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி, 399இல் இறந்தவர். மனிதனை வீழ்த்தும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். பிற்காலத்தில் ஏழு தலையான பாவங்கள் என்று ஆன பட்டியலின் மூலம் அது. பண ஆசை மனதுக்குள் என்ன பேசும் என்று அவர் எழுதும்போது நகையோ மாளிகையோ வருவதில்லை. நீண்ட முதுமை, உழைக்க முடியாமல் போகும் கைகள், வரப்போகும் பஞ்சம், நோய், பிறரிடம் கையேந்தும் வெட்கம் ஆகியவற்றைத்தான் அது காட்டும் என்கிறார். உடைமையே இல்லாத துறவிகளைப் பார்த்து எழுதியது இது.

இயேசுவின் மலைப்பிரசங்கமும் அதே வரிசையில் போகிறது. மத்தேயு 6இல் 19ஆம் வசனம் பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்று தொடங்குகிறது; 24இல் "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று வருகிறது; உடனே 25இல், ஆகையால் கவலைப்படாதிருங்கள். லூக்காவிலும் மதிகெட்ட பணக்காரன் கதை முடிந்த கையோடு இதே "ஆகையால்", இதே கவலை. பதுக்கலைப் பற்றிய பேச்சு இரண்டு இடத்திலும் கவலையைப் பற்றிய பேச்சில் போய் முடிவது தற்செயல் என்று தோன்றவில்லை.

இது வேலை செய்யும் விதத்தை இப்படிப் பிரிக்கலாம். நியாயமான ஒரு பயம் வருகிறது: வேலை போனால், நோய் வந்தால். அதற்கு ஒரு தொகை சேர்க்கப்படுகிறது, இது விவேகம். தொகை நிறைந்ததும் பயம் குறைய வேண்டும். குறைவதில்லை, ஏனென்றால் வேலை, உடல், உயிர் ஆகியவை நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே அந்தப் பயத்தின் அடி. அது எந்தத் தொகையாலும் மாறாது. ஆனால் மனம் வேறு முடிவுக்கு வருகிறது: தொகை போதவில்லை. இலக்கு நகர்கிறது. சேர்ந்தது கூடக் கூட, இழப்பதற்கும் கூடுதலாக இருக்கிறது, பயம் வளர்கிறது. ஒரு கட்டத்தில் தேவையோடு ஒருவர் வந்து நின்றால், அவர் மனிதராகத் தெரியாமல் கரையில் விழுந்த ஓட்டையாகத் தெரிகிறார்.

எபிரெயர் 13:5 இந்தச் சங்கிலியை அறுக்கும் இடம் கவனிக்கத்தக்கது. பண ஆசை வேண்டாம், இருப்பது போதும் என்று எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, காரணமாக "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்கைக் கொண்டுவருகிறது. ஆசைக்கு எதிரான கட்டளைக்குப் பயத்துக்கான மருந்து இணைக்கப்பட்டிருக்கிறது.

சுருக்கமாக: பதுக்கல் பெரும்பாலும் விவேகத்தின் உடையில் வரும் பயம். அதனால்தான் நல்ல மனிதர்களிடமும், சிக்கனமானவர்களிடமும், வறுமையை அனுபவித்தவர்களிடமும் அது எளிதில் குடியேறுகிறது. வெளியிலிருந்து பார்த்து இன்னார் பதுக்குகிறார் என்று தீர்ப்புச் சொல்வதும் அதனாலேயே கடினம்.

பிறருக்கு இதில் என்ன பங்கு?

உள்ளத்து நோயோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. உக்கிராணத்துவம் என்ற கருத்து இங்கே வருகிறது. உக்கிராணக்காரன் என்பவன் எஜமானின் உடைமையை நிர்வகிப்பவன். செலவிடலாம், பெருக்கலாம், ஆனால் கணக்குக் கொடுக்க வேண்டும். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று லேவியராகமம் 25:23 சொல்வது இந்தக் கருத்தின் அடித்தளம்.

இஸ்ரவேலர் அந்தக் கருத்தைச் சட்டங்களாகவே மாற்றினார்கள். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கக் கூடாது, சிந்தியதைப் பொறுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும். மூன்றாண்டுக்கு ஒரு முறை தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, லேவியனுக்கும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். ஏழாண்டுக்கு ஒரு முறை கடன் விடுதலை. ஐம்பதாம் ஆண்டு நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்கு மனிதர்களை நன்றாகவே தெரிந்திருந்தது: ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று எண்ணி ஏழைக்குக் கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்று உபாகமம் 15:9 முன்கூட்டியே எச்சரிக்கிறது.

4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியாவில் ஏறத்தாழ 369இல் பெரும் பஞ்சம் வந்தது. தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறக் காத்திருந்தார்கள். அங்கிருந்த திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான செசரியாவின் பேசில் இந்தக் களஞ்சிய உவமையை எடுத்தே பிரசங்கித்தார். நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய உடை உடுக்க இல்லாதவனுடையது என்பது அவர் வாதம். தர்மம் செய்யச் சொல்லவில்லை. உரியவனுக்கு உரியதைக் கொடு என்றார். பசித்தவர்களுக்கு உணவளிக்கும் ஏற்பாட்டையும் அவர் முன்னின்று நடத்தினார்.

யாக்கோபு 5 இன்னும் கடுமையானது. துருப்பிடித்த பொன்னைப் பற்றிப் பேசிய அடுத்த மூச்சில், கொடுக்காமல் பிடித்துவைத்த அறுவடைக் கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. சேர்ந்திருப்பது யாருக்குப் போகாமல் சேர்ந்தது என்ற கேள்வியைக் காணிக்கை போட்டுத் தவிர்க்க முடியாது.

நடைமுறையில் எப்படி?

ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு தேதி இருக்கட்டும். அவசர நிதி என்றால் மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்பது நிதி ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. வருமானம் சீராக வராதவர்களுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். முதுமை, பிள்ளைகளின் படிப்பு, வீடு எதுவானாலும் இதே முறைதான். பெயர் வைக்க முடியாத தொகை எதுவோ அதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். குடும்பத்தைப் பராமரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. ஆகவே இந்தப் பட்டியல் போடுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. காப்பீடும் இதில் அடங்கும்.

எல்லையை அடையும் முன்பே "போதும்" என்ற எண்ணைக் குறித்துவிட வேண்டும். அடைந்த பிறகு முடிவுசெய்தால் மனம் பேரம் பேசும். அந்த எண் கணவன் மனைவிக்கோ நம்பகமான வேறொருவருக்கோ தெரிந்திருப்பது நல்லது. விலைவாசி ஏறும்போது அதைத் திருத்தலாம். ஆண்டுக்கு ஒரு முறை, காரணத்தோடு.

கொடுப்பதை முதலில் எடுத்துவைக்க வேண்டும். பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன முறை அதுதான்: வாரத்தின் முதல் நாளில், அவனவன் வரவுக்குத் தக்கதாக (1 கொரிந்தியர் 16:2). மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் மிஞ்சாது. பத்தில் ஒன்று இன்றும் கட்டாயமா என்பதில் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உதவும். கூரையாக வைத்துக்கொண்டால் வருமானம் ஏற ஏறப் பதுக்கலுக்குத்தான் வசதி.

18ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி ஒரு கணக்குச் சொல்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இளைஞருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60. அப்போதும் 28இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அந்த இளைஞர் வெஸ்லிதான் என்று கருதப்படுகிறது. பிள்ளைகுட்டி இல்லாத தனி மனிதரின் கணக்கு இது, அப்படியே பின்பற்றச் சொன்னால் குடும்பங்கள் திணறும். எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை: வருமானம் கூடும்போது கூடுவதில் எவ்வளவு செலவுக்கு, எவ்வளவு பிறருக்கு என்பதை உயர்வு வரும் முன்பே முடிவுசெய்வது.

எங்கே தவறுகிறது?

அதிக வட்டிக் கடனில் இருப்பவர் கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பது ஒரு வகை. இல்லாததைக் கொடுக்கக் கடவுள் கேட்கவில்லை. 2 கொரிந்தியர் 8:12 இருக்கிறதற்குத் தக்கதாக என்றே சொல்கிறது. அடுத்த வசனம், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் என்பது நோக்கம் அல்ல, சமநிலையே நோக்கம் என்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கும் சபை இந்த இரண்டு அதிகாரங்களை, 8ஐயும் 9ஐயும், மறந்துவிட்டது என்று பொருள்.

சபைகளும் பதுக்கும், இதைச் சொல்லத் தயங்குவார்கள். கட்டட நிதி கட்டி முடித்த பிறகும் வசூலாகிக்கொண்டிருக்கும், வைப்புத்தொகை வளரும், உதவி கேட்டு வருகிற விதவைக்குக் குழு கூடி முடிவெடுக்க மூன்று மாதம் ஆகும். தனி மனிதருக்குச் சொன்ன பெயர், தொகை, தேதி என்ற மூன்றும் இங்கே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பதுக்கக் கூடாது என்பதற்காகக் கைக்கு வந்ததையெல்லாம் செலவழிப்பது தாராளம் ஆகாது. அடுத்த மாதம் அந்தச் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள்.

"பிள்ளைகளுக்காகத்தான்"

பதுக்கலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் மரியாதையானது இது. நல்லவன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து, வைத்துப்போகிறான் என்று நீதிமொழிகள் 13:22 ஆதரவும் தருகிறது. ஆனால் சேர்ப்பவனின் உழைப்பு ஞானியிடம் போகுமோ மூடனிடம் போகுமோ யாருக்குத் தெரியும் என்று பிரசங்கி 2:19 புலம்புகிறது. களஞ்சிய உவமையே ஒரு சொத்துத் தகராறிலிருந்து பிறந்தது. தகப்பன் சொத்தைப் பிரித்துத் தர என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் இயேசுவைக் கேட்டான். அதற்குத்தான் இந்தக் கதை.

ஆகவே இதற்கும் அளவு தேவை. படிப்பு, தொழில் தொடக்கம், உடல்நலம் குன்றிய பிள்ளையின் வாழ்நாள் பராமரிப்பு என்று பெயர் சொல்ல முடிந்தவை நியாயமான தேக்கங்கள். பிள்ளைகள் உழைக்கவே தேவைப்படாத அளவு என்பது இன்னொரு களஞ்சியம், வேறு ஒருவர் பெயரில். உயிலைத் தள்ளிப்போடாமல் எழுத வேண்டும். யாருக்கு என்ன, பிறருக்கு எந்தப் பங்கு என்பதைப் பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உயிலில் ஏழைகளுக்கு எழுதிவைத்த தொகையில் ஒரு பகுதியை இப்போதே கொடுக்க முடியுமா என்று பார்ப்பதும் நல்லது. கொடுக்கும்போது கை நடுங்கினால், அந்தப் பணம் இத்தனை காலம் என்ன வேலை பார்த்துவந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.